வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி

சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் யாராவது என்னைப் பார்த்து "இப்ப என்ன பண்றே?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீடியோ கேமில் வருகிற வீடு, தெரு, படிக்கட்டு எல்லாம் செய்கிறேன் என்று சொன்னால், "ஓ, கேம் விளையாடறியா?" என்பார்கள். விளையாடவில்லை, மற்றவர்கள் விளையாட இடம் செய்து தருகிறேன் என்றால், "அப்ப ஆர்க்கிடெக்ட் வேலை என்னாச்சு?" என்பார்கள். அதை உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால் அவர்களுக்குச் சாப்பாடு ஆறிப்போகும்.

என்னாச்சு என்றால், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிரச்சினையே. நான் இருந்தது பெரிய ஆர்க்கிடெக்ட் ஆபீஸ். மால், ஆஸ்பத்திரி, விமான நிலையம் என்று பெரிய பெரிய வேலையாக வரும். சேர்ந்த புதிதில் ஒரு மாலின் கழிப்பறைகளை வரையச் சொன்னார்கள். என் கெட்ட நேரம், நன்றாக வரைந்துவிட்டேன். அதோடு சரி. அப்புறம் எந்தக் கட்டடம் வந்தாலும் முகப்பு ஒருத்தர் மேஜைக்குப் போகும், மாடம் ஒருத்தர் மேஜைக்குப் போகும், கழிப்பறை நேரே என் மேஜைக்கு வரும். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், வெளியே நடந்து போகிறவர் கண்ணில் உள்ளே இருப்பவர் படாமல் இருக்கக் கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்ட வேண்டும், இதிலெல்லாம் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் "இவங்கதான் நம்ம டாய்லெட் ஸ்பெஷலிஸ்ட்" என்று பெருமையாக அறிமுகப்படுத்துவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். வருஷக் கணக்காக நின்றேன்.

கேம் கம்பெனி ஒன்றில் கட்டடம் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். விடுமுறை நாட்களில் மென்பொருள் கற்றுக்கொண்டு, நாலு அறை, ஒரு சந்து, ஒரு இடிந்த பாலம் என்று மாதிரி செய்து அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றார்கள். பழைய முதலாளி ரொம்பப் பெரிய மனசுக்காரர். "உன் சீட் அப்படியே இருக்கும்மா, எப்ப வேணா வா" என்றார். ஆசீர்வாதம் மாதிரிதான் சொன்னார். எனக்கு மட்டும் அது சாபம் மாதிரி கேட்டது. என் வீட்டுக்காரர் "உனக்குச் சரின்னு பட்டா சரி" என்றார். திரைச்சீலையின் நிறத்துக்கும் அவர் அதையேதான் சொல்வார்.

ஆக, எனக்கு முன்னால் இரண்டே வழி. இங்கே நிரந்தரமாவது, இல்லையென்றால் திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆயுசுக்கும் கழிப்பறை வரைவது.

முதல் சில மாதங்கள் பரவாயில்லாமல் போயின. கேமில் கதவு நிஜக் கதவைவிட அகலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் விளையாடுகிறவர் நடத்துகிற உருவத்தின் பின்னாலேயே அதைக் காட்டுகிற கேமராவும் உள்ளே நுழைகிறது என்றார்கள். லாரி போகிற அகலத்துக்கு யாராவது படுக்கையறைக் கதவு வைப்பார்களா என்று சண்டை போட்டேன். தோற்றேன். சரி, ஒழியட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் அந்த வீடு வந்தது.

புது கேமின் கதை இதுதான். ஒரு குடும்பம் ஒரு நாள் காலையில் அவசர அவசரமாக வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. அப்பா, அம்மா, ஒரு பெண். விளையாடுகிறவர் அந்த ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து, ஒவ்வொரு அறையாகப் போய், கிடக்கிற சாமானைப் பார்த்துப் பார்த்து, இவர்கள் யார், ஏன் போனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சுடுவது, குத்துவது எதுவும் கிடையாது. வீடுதான் எல்லாம். அந்த வீட்டை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எங்கள் குழுவின் தலைவருக்கு ஆபீஸில் கறை சார் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் பட்டம் வாங்கினவர் மாதிரி திரும்பிப் பார்ப்பார். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "கறை எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஓவியம் படித்தவர். ஒரு செங்கல்லைக்கூடக் கையில் தூக்கியிருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

நான் செய்த வீட்டை அவரிடம் காட்டினேன். என்ன வீடு தெரியுமா! காலை வெளிச்சம் சமையலறையில் விழுந்து, ஹாலைத் தாண்டி, படிக்கட்டின் மூன்றாம் படியில் போய் முடியும். அவர் மௌஸைப் பிடித்துக்கொண்டு எல்லா அறைக்கும் போனார், அலமாரியைத் திறந்தார், மூடினார்.

"இங்க யாரும்மா இருக்காங்க?"

"ஒரு குடும்பம் சார். அப்பா, அம்மா, பொண்ணு."

"எப்ப குடிவராங்க?"

அவங்க இருந்துட்டுப் போயிட்டாங்க சார், அதுதானே கதை என்றேன். "பில்டர் இப்பத்தான் சாவி குடுத்துட்டுப் போன மாதிரி இருக்கேம்மா" என்றார். பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். மூக்குடைந்து போய் உட்கார்ந்தேன்.

சரி, அழுக்குதானே வேண்டும், செய்துவிட்டால் போச்சு. மேஜையில் காப்பி டம்ளர் வைத்த வட்டக் கறை, சுவிட்சைச் சுற்றிக் கைத்தடம், வாசலில் செருப்பு, நாற்காலி மேல் துணி என்று மனசாரக் குப்பை போட்டேன். மறுபடி காட்டினேன். கறை சார் இரண்டு பேரைக் கூப்பிட்டு இதை வந்து பாருங்க என்றார்.

"உங்க கறை எல்லாம் ஒரே வரிசையில நிக்குதும்மா."

உண்மைதான். அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. எந்தப் பொருளை வைத்தாலும் அது தானாகத் திரையில் கட்டம் கட்டமாக ஓடுகிற கட்டக் கோட்டில் போய்ச் சரியாக ஒட்டிக்கொள்ளும். ஆர்க்கிடெக்டுகள் அதை அணைப்பதே கிடையாது. அணைக்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றாது. நான் வைத்த செருப்புகள் சம இடைவெளியில் நின்றன. காப்பிக் கறைகள் மேஜையின் நாலு மூலையிலும் ஒரே தூரத்தில் இருந்தன. அவசரமாகக் கழற்றிப் போட்ட சட்டையின் ஓரம் நாற்காலியின் ஓரத்தோடு ஒரு நூல் பிசகாமல் பொருந்தியிருந்தது. "இந்த வீட்டைவிட்டு அவங்க ஓடிப்போனதுல தப்பே இல்ல" என்றார் கறை சார். எனக்குக் காதில் புகை வந்தது.

சிரித்து முடித்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனி டைரக்டர் அம்மா வந்து பார்க்கிறார்கள். அதற்குள் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வீட்டை வேறு ஆளிடம் கொடுப்பார்கள், என் வேலையைப் பற்றியும் அன்றைக்கே முடிவு பண்ணிவிடுவார்கள். இண்டர்நெட்டில் படம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள், நிஜமாக ஒரு வீட்டுக்குப் போய், இருக்கிறது இருக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

என் வீடு உதவாது. என் வீட்டுக்காரர் பேப்பரைப் படித்துக் கீழே வைப்பதற்குள் நான் மடித்து எடுத்துவிடுவேன். சிநேகிதர்கள் எல்லாரும் ஆர்க்கிடெக்டுகள். அவர்கள் வீடுகளில் ஒரு நாற்காலி இருக்கும், ஒரு செடி இருக்கும், அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டி, உங்கள் சமையலறைத் தொட்டியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டால் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. என் அண்ணன் வீடு.

அது நான் வரைந்த வீடு. என் காகிதத்தில் ஆரம்பித்து மண்ணில் எழுந்து நின்ற ஒரே வீடு அதுதான், மற்றதெல்லாம் கழிப்பறை. நடு ஹாலுக்கு மேலே மாடித் தளம் கிடையாது, இரண்டு மாடி உயரத்துக்குத் திறப்பு, உச்சியில் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குக் கீழே கிழக்குப் பக்கமாக ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி. சூடான காற்று மேலே ஏறி அந்த இடைவெளி வழியாகப் போய்விடும், கீழே ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வரும், ஃபேனே வேண்டாம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள், மழை பெஞ்சா என்ன பண்றது என்று. இந்த ஊருக்குக் காற்று எந்தத் திசையில் இருந்து வரும், சாரல் ஏன் உள்ளே வராது என்று அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினேன். அண்ணி தலையாட்டினாள்.

அவர்கள் குடிவந்த புதிதில் ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். அண்ணியின் தையல் மெஷின், துணிக்கொடி, டப்பா டப்பாவாக அவள் சேர்த்து வைத்திருந்தது எல்லாவற்றையும் வாரி மாடிக் குளியலறையில் அடைத்தேன். அண்ணி இரண்டு நாள் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தாள். படங்கள் பிரமாதமாக வந்தன.

பிறகு ஒரு நாள், கூட வேலை பார்ப்பவர்களுக்குக் காட்டிப் பெருமையடிக்கலாம் என்று நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஹாலில் நின்று, மேலே பாருங்க என்று கையைத் தூக்கினால், மேலே பிளைவுட். என் கண்ணாடி முழுவதையும் பிளைவுட் பலகை போட்டு மூடி, அதற்கு வெளிர்மஞ்சள் பெயின்ட் அடித்து, நடுவில் ஒரு ட்யூப் லைட் வேறு தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு வயிறெரிந்தது. யாருக்குத்தான் எரியாது? "குடித்தனம் பண்ணத் தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்த மாதிரி வீடு?" என்று வந்தவர்களிடம் சொன்னேன். அண்ணி சமையலறையில்தானே இருக்கிறாள் என்று தைரியம். அந்தச் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் கிடையாது. சுவர் வேண்டாம் என்று அடம்பிடித்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணன் என்னை வெளியே எங்காவது சந்திப்பான். அண்ணி போனை எடுத்தால் "நல்லா இருக்கீங்களா?" என்பாள். அதுவரை வா, போ, வாடி, போடி என்றுதான் பேசுவாள். நல்லா இருக்கீங்களாவாம்! நாலு அறை அறைந்திருக்கலாம்.

இப்போது வேறு வழியில்லை. அண்ணனுக்குப் போன் பண்ணினேன். ஆபீஸ் வேலைக்காக உங்க வீட்டைப் போட்டோ எடுக்கணும், ஒன்றும் விசேஷமாகச் செய்ய வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு என்றான்.

சனிக்கிழமை போனேன். அண்ணி கதவைத் திறந்து "வாங்க" என்றாள். உள்ளே ஒரு அடி வைத்ததும் கண் கூசியது. அண்ணாந்து பார்த்தேன். பிளைவுட்டைக் காணோம். கண்ணாடி துடைத்து மின்னியது, அதற்கு மேலே வானம். கீழே துணிக்கொடி இல்லை, செருப்பு அடுக்கு இல்லை, தையல் மெஷின் இல்லை, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம்கூட ஒட்டியிருக்கவில்லை. சோபா நான் வரைபடத்தில் போட்ட இடத்தில் கிடந்தது. டீப்பாய் மேல் அந்தப் பழைய பத்திரிகை, என் வீடு வந்த பக்கம் விரித்தபடி இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் விரலில் துணிக் கட்டோடு வந்தான். அவர்கள் பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். நேற்று லீவு போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிவந்து, ஒவ்வொரு பலகையாகக் கழற்றி இறக்கினார்களாம். "இருக்கிறபடி இருக்கட்டும்னுதான் நீ சொன்னதா இவகிட்ட சொன்னேன். போட்டோன்னா அவ எப்படிக் கேப்பான்னு எனக்குத் தெரியாதான்னு இவதான் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னா" என்றான். சாமானெல்லாம் எங்கே என்று கேட்டேன். மாடிக் குளியலறையில்.

இதைத்தானே நான் வருஷக் கணக்காகக் கேட்டேன்? நான் வரைந்த வீடு, வரைந்தபடி, ஒரு தூசி இல்லாமல் என் முன்னால் நிற்கிறது. வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது. இந்த வீட்டைக் கொண்டுபோய் நான் கறை சாரிடம் எப்படிக் காட்டுவேன்?

"எடுங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் திரும்பக் கீழ கொண்டுவரணும்" என்றாள் அண்ணி, சுவரோரமாக நின்றுகொண்டு. அவள் வீட்டில் அவள் சுவரோரமாக நின்றாள்.

எனக்கு இது வேண்டாம் அண்ணி, முன்னாடி இருந்த மாதிரி வேணும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். கேம் என்றேன், குடும்பம் என்றேன், ஆள் புழங்கின மாதிரி இருக்கணும், கறை இருக்கணும், அழுக்கு இருக்கணும் என்றேன். விளக்க விளக்க அண்ணியின் முகம் மாறிக்கொண்டே போனது. அண்ணன் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்க்கப் போய்விட்டான்.

"அழுக்குப் பிடிச்ச வீடு வேணும்னதும் எங்க வீடு ஞாபகம் வந்துச்சா?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்காமல் மாடிக்குப் போனாள். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஹாலில் தொம்மென்று வைத்தாள். துணி மூட்டையைக் கொண்டுவந்து நாற்காலியில் கொட்டினாள். செருப்புகளை வாசலில் உதறினாள். இது போதுமா, இன்னும் கொஞ்சம் அழுக்கு வேணுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். எந்த நேரத்தில் என்ன பேசுவது என்று தெரியாத நாக்கு என்னுடையது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "மெஷினைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைங்க அண்ணி" என்றேன்.

அண்ணி அப்படியே நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"இந்த வீட்டுல ஒரு சாமானை வெச்சா எனக்கு உங்க முகம்தான் ஞாபகம் வருது. காலிங் பெல் அடிச்சா, யாருன்னு பாக்கறதுக்கு முன்னாடி நாற்காலி மேல கிடக்கிற துணியை எடுக்கறேன். நாலு வருஷமா நீங்க இந்த வாசப்படி ஏறல. ஆனாலும் எடுக்கறேன்."

யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டவள் இல்லை நான். கடைக்காரர், முதலாளி, கறை சார் என்று எல்லாரிடமும் வாயாடுவேன். அன்றைக்குக் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் ஹால் இருட்டிக்கொண்டு வந்தது.

மழை. முதலில் கண்ணாடி மேல் படபடவென்று சத்தம் கேட்டது. அந்தச் சமயத்திலும், பாழாய்ப்போன புத்தி, நல்லா இருக்கே, கேமுக்கு இந்தச் சத்தத்தையும் சொல்லலாமே என்று நினைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றேன். காற்று திரும்பியது. நான் அம்புக்குறி போட்ட திசைக்கு நேர் எதிர்த் திசை. நான் ஆசை ஆசையாக விட்ட அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே அடித்தது. சாரல், தூறல் என்று பூசி மெழுக முடியாது. வாளியால் மோந்து ஊற்றுகிற மாதிரி ஊற்றியது.

அப்போது அவர்கள் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அண்ணன் ஓடிவந்து டிவி வயரைப் பிடுங்கினான். சோபாவின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறு முனையை அண்ணி பிடித்தாள், ஒரே தள்ளில் அது சுவரில் போய் நின்றது. அண்ணி ஒரு பழைய போர்வையைச் சுருட்டிப் படிக்கட்டின் காலில் அணை கட்டினாள். பெரிய வாளியை எடுத்து, மேலே பார்க்கக்கூட இல்லை, ஹாலின் நடுவில் ஒரு இடத்தில் வைத்தாள். தண்ணீர் நேராக அதற்குள் விழுந்தது. தினமும் பல் தேய்க்கிற மாதிரி செய்தார்கள். நான் மட்டும் நட்டநடுவில் நனைந்துகொண்டு நின்றேன்.

"நிக்காதடி, அந்தக் குண்டானை எடு" என்றாள் அண்ணி.

எடுத்தேன். வைத்த இடம் தப்பு, அவள் காலால் நகர்த்திச் சரியாக வைத்தாள். மழை கொஞ்சம் அடங்கியதும் மூன்று பேரும் சுவரோரமாக நின்றோம். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். குடிவந்த முதல் மழையிலிருந்து என்றான் அண்ணன். எத்தனையோ மழை வாளி வைத்துப் பார்த்தார்களாம். ஒரு நாள் ராத்திரி அவர்கள் பெண் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் பாடப் புத்தகம் எல்லாம் ஊறிப்போன பிறகுதான் பலகை போட்டார்களாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"உன்னோட முதல் வீடு. புத்தகத்துல எல்லாம் வந்துச்சு, நாலு பேர் பாராட்டினாங்க. அது ஒழுகுதுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? நாங்களா மூடினா, அருமை தெரியாம இதுங்களே மூடிடுச்சுங்கன்னு பழி எங்க மேலயே போயிடும்னு விட்டுட்டோம்."

காற்று மேற்கிலிருந்துதான் வரும் என்று அரசாங்கப் புள்ளிவிவரமே இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் நான் போட்டேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அழுகை வந்தது, அழுதேன். மழைச் சத்தத்தில் தெரியாது என்று நினைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து மழை நின்றுவிட்டது. அண்ணி ஒரு துண்டைத் தூக்கி என் மேல் எறிந்தாள், தலையைத் துவட்டு என்று.

மத்தியானம் பலகைகள் மறுபடி மேலே ஏறின. அண்ணன் ஏணியில், நான் கீழே பிடித்துக்கொண்டு. குளியலறையிலிருந்து சாமானெல்லாம் இறங்கியது. அண்ணி எனக்காக எதையும் வைக்கவில்லை, அவளுக்காக வைத்தாள். நான் எதையும் தள்ளச் சொல்லவில்லை. ஈரத் துணிகள் படிக்கட்டுக் கைப்பிடி முழுக்கத் தொங்கின. கூட்டின குப்பை ஒரு மூலையில் கிடந்தது, அதை அள்ள எடுத்த முறம் இன்னொரு மூலையில். வாளியை எடுக்க எல்லாரும் மறந்துவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் சாயங்காலம் வரை படம் எடுத்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய் முதல் வேலையாக அந்தக் கட்டக் கோட்டு வசதியை அணைத்தேன். படிப்பு முடிந்த நாளிலிருந்து முதல் தடவை. பொருட்கள் கையில் நிற்காமல் வழுக்கின. இரண்டு நாள் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. பழைய வீட்டை அழித்துவிட்டு அண்ணன் வீட்டையே கட்டினேன். கண்ணாடி, இடைவெளி, அதன் கீழ் பலகை, ட்யூப் லைட், பலகை வருவதற்கு முன்னால் சுவரில் இறங்கின தண்ணீர்த் தாரை, தரையில் எடுக்க மறந்த வாளி, அது உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த வட்டம் எல்லாம் வைத்தேன். கறை சார் நடுவில் ஒரு தடவை என் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை டைரக்டர் அம்மா வந்தார்கள். எல்லாரும் பின்னால் நிற்க, அவர்கள் மௌஸைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். வாசலில் செருப்பைப் பார்த்தார்கள். சமையலறைக்குப் போனார்கள், நாற்காலியில் கிடந்த துணியைச் சுற்றி வந்தார்கள். யாரும் மூச்சு விடவில்லை, முக்கியமாக நான். ஹாலின் நடுவில் வந்து நின்றார்கள். வாளியைப் பார்த்தார்கள். மெதுவாக அண்ணாந்து பலகையையும் அதன் இடுக்கில் தெரிந்த ஓட்டையையும் பார்த்தார்கள், சுவரில் இறங்கின தாரையைப் பார்த்தார்கள். சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"இந்த வீட்டைக் கட்டின ஆர்க்கிடெக்ட் சரியான முட்டாள்" என்றார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டை விட்டுட்டு மழை வராதுன்னு நினைச்சிருக்கான் பாருங்க, இவங்க பாவம் பலகை போட்டுக்கிட்டு அவனோட குடித்தனம் பண்ணியிருக்காங்க, இதுக்கு மேல எனக்கு இந்தக் குடும்பத்தைப் பத்தி வேற என்ன தெரியணும், எப்படித்தான் இப்படி ஒரு ஆளைக் கற்பனை பண்ணினீங்களோ என்று என் தோளைத் தட்டினார்கள். நானும் சிரித்தேன். கறை சார் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நன்றி சொன்னேன், கை குலுக்கினேன், கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். அங்கே கண்ணாடியைத் தப்பான சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

சாயங்காலம் போன் பண்ணினேன். அண்ணனுக்கு இல்லை, அண்ணிக்கு. வேலை நிரந்தரமாகிவிட்டது என்றதும் அவள் அங்கிருந்தே அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள், பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நம்ம வீட்டைப் பாத்துட்டு என்னடி சொன்னாங்க?"

ரொம்பப் பிடித்துவிட்டது, பாராட்டினார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பொய்யும் இல்லை.

"இதைக் கட்டின ஆர்க்கிடெக்ட் முட்டாள்னு எங்க டைரக்டர் அம்மா சொன்னாங்க அண்ணி."

சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்க அவளுக்கு உரிமை இருந்தது. நானும் காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"யாருடி அவ?" என்றாள் அண்ணி. குரல் நடுங்குகிற அளவுக்குக் கோபம். "அவளுக்கு என்ன தெரியும்? ஒரு நாள் வந்து நம்ம ஹால்ல உக்காரச் சொல்லு. காத்து எப்படி வருதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசச் சொல்லு."

பலகை போட்ட நாளிலிருந்து அந்த ஹாலில் காற்றே கிடையாது. காலையிலிருந்து இரண்டு ஃபேன் ஓடுகிறது.

"சரி அண்ணி, சொல்றேன்" என்றேன்.